வாரிசுச் சொத்தாக வந்த போன் நம்பர்

கொரோனாவெல்லாம் ஓய்ந்து ஊர் பழையபடி ஆகியிருந்த நேரம். ஆந்திரப் பக்கம் ரேணிகுண்டாவில் லேத் பட்டறை வைத்திருந்த என் கணவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டீ குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். அப்படியே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கும் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகளுக்கும் அழக்கூட உடனே தோன்றவில்லை. அந்த டம்ளரை யார் கழுவுவது என்றுதான் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வடமாலபேட்டையில் அவர் ஒரு மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்தார். சுவர் எழும்பி, மேலே கான்கிரீட் தளம் போட வேண்டிய கட்டத்தில் நின்றது. அதற்கென்று வங்கியில் டெபாசிட்டும் போட்டு வைத்திருந்தார். நாமினி என்ற இடத்தில் மட்டும் யார் பெயரையும் எழுதவில்லை. இரும்பையே இழைத்துக் கடைகிற மனிதர், தனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. வங்கி மேலாளர் நல்ல மனிதர்தான். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, "கோர்ட்டில் வாரிசு உத்தரவு வாங்கிட்டு வாங்கம்மா, இல்லன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

நாங்கள் குடியிருந்ததோ வாடகை வீடு. வீட்டுக்காரர் மகன் குடும்பத்தோடு ஊர் திரும்பப் போகிறான் என்பதால், பாவம், அவரும் தயங்கித் தயங்கி, "சீக்கிரம் பாத்துக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டார். ஆக எனக்கு அப்போது ஒரே குறிதான். தளம் போட வேண்டும், மகளை அழைத்துக்கொண்டு அங்கே குடிபோக வேண்டும். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். பில்லர்களின் தலையில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் ஒவ்வொரு மழைக்கும் இன்னும் கொஞ்சம் சிவந்திருக்கும்.

திருப்பதியில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். தெலுங்குக்காரர். சினிமா பார்த்துக் கற்ற தமிழில் என்னிடம் பேசுவார். "மூணு மாசம் அம்மா, அயிப்போதுந்தி" என்றார். ஆகிவிடுமாம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்கே தெரியாத ஒரு கணக்கை அந்த மனிதர் வைத்திருந்தார். எப்போது கேட்டாலும் அவருக்கு இன்னும் மூன்று மாதம்தான் பாக்கி இருக்கும்.

முதலில் எம்.ஆர்.ஓ. ஆபீஸில், அதாவது தாசில்தார் ஆபீஸில், குடும்பச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. அதற்கு அக்கம்பக்கத்தில் விசாரித்து, இவருக்கு வேறு மனைவி உண்டா, வேறு பிள்ளைகள் உண்டா என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். கேட்டவருக்கும் சங்கடம்தான், தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டார். பிறகு கோர்ட்டில் மனு போட்டோம். அப்புறம் தெலுங்கு பேப்பரில் விளம்பரம். டெண்டர் அறிவிப்புக்கும் காணாமல் போன பத்திரத்துக்கும் நடுவில் என் கணவரின் பெயர். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் வந்து சொல்லலாம் என்று போட்டிருந்தது. அவர் போனதில் எனக்குத்தான் ஆட்சேபணை இருந்தது. அதை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

இந்த வழக்கில் ஒரு விநோதம். இறந்தவருக்குத் தாய் உயிரோடு இருந்தால் மனைவி, பிள்ளைகளைப் போல அவரும் வாரிசு. என் மாமியார் வரதய்யபாளையம் தாண்டி ஒரு கிராமத்தில், கொஞ்சம் நிலத்தையும் ஒரு மாட்டையும் வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். வக்கீல் என்னையும் மகளையும் மனுதாரர்களாகப் போட்டு, மாமியாரை எதிர்மனுதாரராகப் போட்டுவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்க அத்தை எனக்கு எதிரியா சார்?" என்றேன். "எதிரி காதும்மா, எதிரி இல்ல. எதிர்ல ஒருத்தர் நிக்கணும். வந்து ஆட்சேபணை லேது, இல்லன்னு சொல்லணும். அப்போதான் ஜட்ஜ் சந்தேகம் இல்லாம ஆர்டர் போடுவார். இக்கட இதே வழக்கம்" என்றார். நான் அத்தைக்குப் போன் செய்து, கோர்ட்டிலிருந்து ஆள் பேப்பர் கொண்டுவருவார், வாங்கிக்கொள்ளுங்கள், பயப்பட வேண்டாம் என்று விவரமாகச் சொன்னேன். "சரிம்மா, வாங்கிக்கறேன்" என்றார்.

என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாய் ஓயாத மனுஷி. கல்யாணமான புதிதில் என் சாம்பாரைத் தின்றுவிட்டு, "மாட்டுக்குக் கூட இதவிட ஒறப்பா கழனித்தண்ணி வெப்பேன்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னவர். எனக்குக் கோபம் மூக்குமேல் வரும். அதே ஆள், எனக்கு அம்மை போட்டபோது கிராமத்திலிருந்து வேப்பிலைக் கட்டோடு வந்து இறங்கி, நான் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை நகரவில்லை. மகன் போன பிறகுதான் அந்த வாய் அடங்கிவிட்டது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காரியத்தன்று எல்லாரும் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தபோது, என் அண்ணன் என் கணவரின் போனை என் கையில் கொடுத்தார். "கேஸ் முடியற வரைக்கும் இந்த நம்பர உயிரோட வெச்சிருக்கணும்மா. பேங்க் மெசேஜ், ஓ.டி.பி. எல்லாம் இதுக்குத்தான் வரும். மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணிடு. கேஸ் முடிஞ்சதும் நிறுத்திக்கலாம், அப்புறம் எதுக்கு தண்டமா" என்றார். மாமியார் சுவரோரமாகப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்றே நினைத்தோம்.

அந்தப் போனின் சத்தத்தை அணைத்துப் பீரோவில் வைத்திருந்தேன். சார்ஜ் போட எடுக்கும்போது பார்த்தால் வரிசையாகத் தவறிய அழைப்புகள் இருக்கும். விஷயம் தெரியாத வாடிக்கையாளர்கள், கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள், நடுநடுவே "அம்மா." முதல் தடவை பதறிப்போய் என் போனிலிருந்து மாமியாரைக் கூப்பிட்டேன். "ஒண்ணுமில்லம்மா, கை பட்டுடிச்சி. ரெண்டாம் நெம்பர அமுக்கிட்டேன் போலகீது" என்றார். அவருடையது பட்டன் போன். இரண்டாம் எண்ணை அழுத்திப் பிடித்தால் நேராக மகனுக்குப் போகும்படி என் கணவர்தான் அமைத்துக் கொடுத்திருந்தார். வயதானவர், கை படத்தானே செய்யும் என்று நானும் விட்டுவிட்டேன். அடுத்தடுத்தும் "அம்மா" இருந்தது. நானும் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

வாய்தாவுக்குப் போனால், கோர்ட் அமீனா கொண்டுபோன நோட்டீஸ் திரும்பி வந்திருந்தது. வீடு பூட்டியிருந்ததாம். மறுபடி அனுப்பினார்கள். மறுபடியும் பூட்டு. வாய்தா தள்ளிப்போனது. இடையில் ஜட்ஜ் மாற்றலாகிப் போனார், கோடை விடுமுறை வந்தது, வக்கீல்கள் கோர்ட்டுக்குப் போகாமல் நின்றார்கள். புது ஜட்ஜ் வந்தார், நோட்டீஸ் போனது, பூட்டு. போனில் கேட்டால் மாமியார், "கழனிக்குப் போயிருந்தேம்மா, தெரியல" என்பார். ஒரு முறை நானே வந்து கூட்டிப்போகிறேன் என்றதற்கு, மாடு சினையாக இருக்கிறது, இப்போது வர முடியாது என்றார்.

எங்கள் பக்கத்து உறவுக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்? "கெழவி பங்கு கேக்கத்தான் இழுத்துக்கினு கீறா" என்றார்கள். அண்ணனும் அதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னார். எனக்கும் உள்ளுக்குள் கசந்தது. வீட்டுக்காரர் வாசலுக்கு வரும் சத்தம் கேட்டாலே காலண்டரைப் பார்ப்பேன். மகள் ஒருநாள் தன் பாட்டியைப் பற்றி, "நைனா இருந்திருந்தா ஆயா இப்படிப் பண்ணுமா?" என்று கேட்டாள். அப்படிப் பேசாதே என்று அவளை அதட்டினேன்.

கடைசியில் வக்கீல் ஒரு வழி சொன்னார். நோட்டீஸை அவர் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு, வரவில்லை என்று பதிவு செய்து, அவர் இல்லாமலே வழக்கை முடித்துவிடலாமாம். அண்ணன் அதுதான் சரி என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தக் கிராமத்தில் ஒரு வீட்டுக் கதவில் பேப்பர் ஒட்டினால் ஏலம் போகப் போகிறது என்றுதான் அர்த்தம். தெருவே நின்று படிக்கும். பிள்ளையைப் பறிகொடுத்தவள் கதவில் அதை ஒட்டுவதா? "ஒரே ஒரு தடவை நான் போய்ப் பார்த்துட்டு வரேன்" என்றேன்.

பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, காலையில் வங்கியில் ஏதோ சரிபார்ப்பு என்றதால் அங்கே போய்விட்டு, காளஹஸ்தி போய் பஸ் மாறினேன். ஓ.டி.பி.க்காக எடுத்துப்போன கணவரின் போனும் கைப்பையிலேயே இருந்தது. பஸ்ஸில் போகும்போது மாமியாரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். டீச்சர் அல்லவா, கேள்விகள் நன்றாகவே வரும்.

வீடு பூட்டித்தான் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் என்னைப் பார்த்ததும் வெளியே வந்தாள். "அமீனா வண்டி தெரு மொனைல வந்தாலே பின்னால வழியா கழனிக்குப் பூடும் உங்க மாமியாரு. இன்னிக்கு அமீனாவும் வரல. ஆனா பொழுது சாய்ற நேரத்துல தெனமும் மோட்டார் ரூமுகிட்டதான் குந்திக்கினு இருக்கும். போய்ப் பாரு" என்றாள். ஆக, தெரிந்தேதான் ஓடியிருக்கிறார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வரப்பில் விறுவிறுவென்று நடந்தேன்.

மோட்டார் ரூமுக்குப் பக்கத்துக் கல்லில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாமியார் உட்கார்ந்திருந்தார். காதில் போன். யாரோடோ பேசுகிறார், முடிக்கட்டும் என்று நின்றேன். ஆனால் அவர் பேசவில்லை. வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது என் கைப்பைக்குள் ஏதோ அதிர்ந்தது. திறந்து பார்த்தேன். என் கணவரின் போன். திரையில் "அம்மா."

இவர் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து கூப்பிடுகிறார், அது என் கையில் துடிக்கிறது. எடுக்கவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. அதுவாக ஓயும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். ஓய்ந்ததும் அவர் போனைப் புடவைத் தலைப்பால் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டார். எழுந்து திரும்பியவர் என்னையும், என் கையிலிருந்த போனையும் பார்த்தார். திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி முகம் போயிற்று. நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த கேள்வி ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"கை பட்டுடிச்சிம்மா" என்றார். பிறகு அவரே தலையை ஆட்டிக்கொண்டு, மறுபடியும் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே பேசினார். "கையெழுத்து போடறதுக்கு எனக்கு இன்னா வந்துச்சி? அந்த வூடு உனக்கும் கொழந்தைக்கும்தான். எனக்கு எதுக்கு பங்கு, போற காலத்துல? ஆனா கேஸு முடிஞ்சா அந்த நெம்பர நிறுத்திடலாம்னு உங்க அண்ணன் சொன்னாரே. காரியத்தன்னிக்குப் படுத்துக்கினு கேட்டுக்கினுதான் இருந்தேன். கேஸு நடந்துக்கினு இருந்தா ரிங்கு போவும் இல்ல? அதான் ஓடிக்கினு இருந்தேன்."

"அத்த, ரிங்கு போனாலும்..." என்று ஆரம்பித்தேன்.

"எடுக்க மாட்டான்னு எனக்குத் தெரியாதா? பைத்தியமா எனக்கு? அவன் எப்பவும் அப்படித்தானேம்மா. பட்டறைல லேத்து ஓடிக்கினு இருந்தா போன் சத்தம் காதுல வுழாது. ரிங்கு போய்க்கினே இருக்கும். எம்புள்ள வேலைல கீறான்னு நெனச்சிக்கினு மாட்ட ஓட்டிக்கினு வூட்டுக்குப் போவேன். இப்பவும் அப்படி நெனச்சிக்கினு போறேன். அவ்ளோதான். அந்த நெம்பரு இல்லன்னு பொம்பள கொரல்ல ஒருத்தி சொல்லிட்டான்னா, அப்புறம் நான் இன்னான்னு நெனச்சிக்கினு வூட்டுக்குப் போறது?"

அன்றைக்கு அந்தக் கல்லில் உட்கார்ந்து அழுததுபோல, என் கணவர் இறந்த நாளில்கூட நான் அழவில்லை. மாமியார் என் தலையைத் தன் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கடைசியில், "நோட்டீசும் வாணாம் ஒண்ணும் வாணாம். எந்தத் தேதின்னு சொல்லு, நானே வரேன்" என்றார். நம்பரை நிறுத்த மாட்டேன் என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "நீ எடுத்துடாதம்மா. ரிங்கு போனா போதும்."

கோர்ட்டுக்கு அவர் தானாகவே, விடியற்காலை பஸ் பிடித்து வந்துவிட்டார். கையில் எனக்காக ஒரு தூக்கில் கருவாட்டுக் குழம்பு. கோர்ட் வாசலில் டவாலி எங்கள் பெயர்களைக் கூவினார். வாரிசு உத்தரவு வழங்க ஆட்சேபணை உண்டா என்று ஜட்ஜ் தெலுங்கில் கேட்டார். "லேது சாமி" என்ற மாமியார், அதோடு நிறுத்தவில்லை. பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாக, "எனக்கு ஒண்ணும் ஒத்து, வாணாம். எம்புள்ள போன் நெம்பர மட்டும் நிறுத்தக் கூடாதுன்னு அதுல எழுதிடு சாமி" என்றார். வக்கீல் முகம் சிவந்து, மன்னிக்க வேண்டும் என்று ஏதோ சொல்ல எழுந்தார். ஜட்ஜ் கையமர்த்திவிட்டு, பேனாவை மூடி வைத்தார். இறந்தவர் பெயரில் இருக்கும் நம்பருக்குக் கோர்ட் தேவையில்லை, மரணச் சான்றிதழும் குடும்பச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு போன் கம்பெனி கடைக்குப் போனால் வாரிசின் பெயருக்கு மாற்றித் தருவார்கள் என்று நிதானமாகச் சொன்னார். "போய் மாற்றிக்கோம்மா" என்று என்னைப் பார்த்தும் ஒரு முறை சொன்னார்.

அன்று மத்தியானமே நான், மகள், மாமியார் மூன்று பேருமாகக் கடைக்குப் போனோம். கவுன்டரில் இருந்த பெண் என் விரலை மெஷினில் வைக்கச் சொன்னாள். வேலை முடிந்துவிட்டது. என் கணவர் விட்டுப்போன எல்லாவற்றிலும் சீக்கிரமாகக் கைமாறியது அந்த நம்பர் ஒன்றுதான். கோர்ட் உத்தரவு நகல் வர இன்னும் பல மாதங்கள் ஆயின. அது வந்து, வங்கி சரிபார்த்து, மனையின் பெயர் மாறி என்று அதற்குப் பிறகும் இழுத்தது. வீட்டுக்காரரின் மகன் வந்தே விட்டான். எங்களுக்காக அவர்கள் மாடியில் ஒரே அறையில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். அந்த நன்றியையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியாது.

ஒருவழியாகத் தளம் போட்டோம். துரு ஏறிய கம்பிகளைக் கொத்தனார் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, "ஒண்ணும் ஆவலம்மா, உள்ளார கெட்டியாதான் கீது" என்றார். குடிபோனதும் சமையலறை அலமாரியில் அந்தப் போனுக்கென்று ஒரு இடம் ஒதுக்கினேன். பீரோவில் வைத்துப் பூட்ட மனம் வரவில்லை. சத்தத்தையும் திறந்துவிட்டேன். பொழுது சாயும் நேரம் அது அடிக்கும். நானும் மகளும் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு, அது அடித்து ஓயும்வரை இருப்போம். எடுக்க மாட்டோம். பிறகு மகள் தன் போனிலிருந்து கூப்பிட்டு, "ஆயா, சாப்டியா?" என்பாள். நாளாக நாளாக மாமியாரின் பழைய வாயும் திரும்பி வந்தது. என் சாம்பாரைப் போனிலேயே கிண்டல் செய்தார்.

போன தை மாதத்தில் ஒருநாள் அந்தப் போன் அடிக்கவில்லை. இருட்டத் தொடங்கியது. மகள் என்னைப் பார்க்கிறாள், நான் போனைப் பார்க்கிறேன். என் போனிலிருந்து மாமியாரைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தார். பின்னால் ஒரே ஆரவாரம்.

"மாடு மறுபடியும் கன்னு போட்டுச்சிம்மா! கெடேரி! மத்தியானத்துலேருந்து அதோட அல்லாடிக்கினு..." என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. பிறகு, சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார்.

"இன்னிக்கு மறந்தே பூட்டேம்மா. எம்புள்ள கோச்சிக்குவானா?"

"இல்ல அத்த" என்றேன். "பட்டறைல லேத்து ஓடிக்கினு இருந்திருக்கும். அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

கோர்ட் உத்தரவு என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் எங்கள் வீட்டில் ஒருவர் இறந்த கணக்கு அந்தச் சாயங்காலம்தான் கொஞ்சம் நேரானது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த நம்பருக்கு இன்றைக்கும் மாதம் தவறாமல் நான் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறேன்.